டெஸ்க்டாப்பை மாற்றினேன், ஷார்ட்கட் மக்கர் செய்கிறது: வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போனவர்கள் அதைப் பழைய மாதிரி ஆக்கப் பார்க்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரை விட மனமில்லாதவர்கள் அதற்குப் புது முகம் கொடுக்கப் பார்க்கிறார்கள். இரு தரப்பாரும் தீம், ஐகான், எழுத்துரு என்று எதையாவது மாற்றுகிறார்கள். மறுநாள் காலையில் டெஸ்க்டாப் ஷார்ட்கட் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த இதழின் பக்கங்களை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஷார்ட்கட் ஐகானின் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, ஒரு வீடியோவில் சொன்னபடி ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை அழித்தேன். அம்புக்குறி போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தினால் எந்த மெனுவும் வருவதில்லை. டாஸ்க்பாரில் எதையும் பின் செய்ய முடியவில்லை. ‘திஸ் பிசி’ மேல் ரைட் கிளிக் செய்து ‘மேனேஜ்’ கொடுத்தால், இந்த ஃபைலோடு எந்தப் புரோகிராமும் இணைக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. கடையில் காட்டினேன், ஃபார்மட்தான் வழி என்கிறார்கள். டேலி டேட்டா முழுக்க அதில்தான் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் ஒன்று. ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் அழித்த ஒரே ஒரு வரியைத் திரும்ப எழுதினால் போதும், ஐந்து நிமிட வேலை.

என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். ஷார்ட்கட் என்பது புரோகிராம் அல்ல. இன்ன டிரைவில், இன்ன ஃபோல்டரில், இன்ன ஃபைல் இருக்கிறது என்று முகவரி எழுதி வைத்த சீட்டு, அவ்வளவுதான். 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது டெஸ்க்டாப்புக்கு வந்த இந்த ஏற்பாடு, இன்று வரை அடிப்படையில் அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சீட்டின் பெயர் ஆங்கிலத்தில் எல், என், கே என்ற மூன்று எழுத்தில் முடியும். ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டு என்று விண்டோஸிடம் சொன்னாலும், அந்த மூன்று எழுத்தை மட்டும் அது காட்டாது. அதனால்தான் பலருக்கு இது ஒரு தனி ஃபைல் என்பதே தெரிவதில்லை.

‘எல்என்கே’ ரகத்து ஃபைல் ஒரு ஷார்ட்கட் என்று விண்டோஸுக்குச் சொல்வது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் ‘இஸ்ஷார்ட்கட்’ என்கிற ஒற்றை வரி. அந்த வீடியோ உங்களை அழிக்கச் சொன்னது அதைத்தான். அதை அழித்தால் அம்புக்குறி மறையும், உண்மை. கூடவே, இது ஷார்ட்கட் என்கிற அடையாளமும் போய்விடும். விண்டோஸ்-எக்ஸ் மெனுவில் வரும் ஒவ்வொரு வரியும் உள்ளே ஒரு ஷார்ட்கட்தான். உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரில், மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வுக்குள், ‘வின்எக்ஸ்’ என்ற இடத்தில் அவை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ‘மேனேஜ்’ கொடுக்கும்போதும் விண்டோஸ் திறக்கப் போவது ஒரு ஷார்ட்கட்டைத்தான். அடையாளம் போனதும் எல்லாம் சேர்ந்து படுத்துவிட்டன. உங்களுக்கு மூன்று கோளாறாகத் தெரிவதற்கு மூலம் ஒன்றுதான்.

சரிசெய்வது இப்படி. விண்டோஸ் விசையோடு ஆரை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் ‘ரெஜ்எடிட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். இடது பக்கம் முதலில் நிற்கும் ‘கிளாசஸ் ரூட்’ கிளையைத் திறந்து, ‘எல்என்கேஃபைல்’ என்ற பெயரைத் தேடுங்கள். பட்டியல் மிக நீளம், அகர வரிசையில் இருக்கும், பொறுமையாகக் கீழே இறங்குங்கள். அதன் முன்னால் புள்ளி வைத்து ‘எல்என்கே’ என்று இன்னொன்று வரும், அது வேறு, அதைத் தொடாதீர்கள். ‘எல்என்கேஃபைல்’ மேல் ரைட் கிளிக் செய்து முதலில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். பிறகு வலது பக்க வெற்றிடத்தில் ரைட் கிளிக், ‘நியூ’, ‘ஸ்டிரிங் வேல்யூ’. பெயர் ‘இஸ்ஷார்ட்கட்’, ஆங்கிலத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல். உள்ளே எந்த மதிப்பும் எழுத வேண்டாம், காலியாக இருப்பதுதான் சரி. மூடிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அம்புக்குறி திரும்ப வரும், அதோடு மற்றதும் வரும்.

அம்புக்குறி கண்டிப்பாக வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. ‘லோக்கல் மெஷின்’ கிளையில், எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே, ‘ஷெல் ஐகான்ஸ்’ என்று ஒரு கீ போட்டு, அதில் 29 என்ற பெயரில் ஒரு காலி ஐகானைக் காட்டிவிடுவது. இதில் அடையாளம் போகாது, அம்புக்குறிக்குப் பதில் ஒன்றுமில்லாத படம் வரும். ஆனால் அந்தக் காலி ஐகான் ஃபைலை என்றைக்காவது அழித்தாலோ இடம் மாற்றினாலோ, ஒவ்வொரு ஷார்ட்கட் மேலும் ஒரு கறுப்புக் கட்டமோ வெள்ளைக் கட்டமோ வந்து உட்காரும். வந்தால் அந்த 29-ஐ அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால் அம்புக்குறி இருக்கட்டும் என்றுதான் சொல்வேன், பிடிவாதமாகவே சொல்வேன். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது பெரிய காவல். ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும் என்று டெஸ்க்டாப்பில் இருக்கும் ‘டேலி’ ஐகானைப் பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் ஷார்ட்கட்டைக் காப்பி செய்துகொண்டு கடைசி நாளில் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கும் மாணவர்களும் உண்டு. பென் டிரைவில் போனது ஓரிரு கேபி அளவுள்ள சீட்டு மட்டும், ஃபைல் வீட்டிலேயே இருக்கும். ‘இது நகல் அல்ல, முகவரி மட்டும்தான்’ என்று சொல்லும் ஒரே அடையாளம் அந்த அம்புக்குறி. உங்கள் டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே தெரியும். அந்த ஃபோல்டரை இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, அதன் பிறகு ரெஜிஸ்ட்ரியில் கை வையுங்கள்.

கேள்வி: அக்கா, கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு ஐகான் பேக் டவுன்லோட் செய்து எல்லா ஷார்ட்கட்டுக்கும் அழகாக மாற்றி வைத்தேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்தேன். இப்போது பாதி ஐகான் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கிறது. டபுள் கிளிக் செய்தால் புரோகிராம் ஒழுங்காகத் திறக்கிறது. ரீசைக்கிள் பின் ஐகானும் பழையபடி மாறிவிட்டது.

பதில்: திறக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, தங்கச்சி. ஷார்ட்கட்டுக்குள் இரண்டு வழி எழுதியிருக்கும். ஒன்று புரோகிராமுக்கு, மற்றொன்று படத்துக்கு. புரோகிராம் இருந்த இடத்தில் இருக்கிறது, அதனால் திறக்கிறது. படம் டவுன்லோட்ஸில் இருந்தது, அதை நீங்களே அழித்துவிட்டீர்கள்.

ரீசைக்கிள் பின்னில் இன்னும் இருந்தால் ‘ரீஸ்டோர்’ கொடுங்கள். இல்லையென்றால் பேக்கைத் திரும்ப இறக்கி, சி டிரைவில் ‘ஐகான்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் நிரந்தரமாக வையுங்கள். பென் டிரைவில் வேண்டாம், சிப் ஃபைலுக்குள்ளேயும் வேண்டாம். பிறகு ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘சேஞ்ச் ஐகான்’, ‘பிரவுஸ்’. பழைய படமே போதும் என்றால் அதே பெட்டியில் அந்தப் புரோகிராமின் ஃபைலையே காட்டுங்கள், அதற்குள்ளேயே அதன் அசல் ஐகான் இருக்கும். ஃபோல்டர், பிரிண்டர், டிரைவ் மாதிரியான பொதுப் படங்களுக்கு விண்டோஸின் சிஸ்டம்32-இல் ‘ஷெல்32’ என்ற ஃபைலைக் காட்டினால் ஒரு பெரிய தொகுப்பே விரியும்.

சிலர் பிஎன்ஜி படத்தின் பெயரைக் கடைசியில் ‘ஐசிஓ’ என்று மாற்றிவிட்டால் ஐகான் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது, பெயர் மாறினால் உள்ளிருப்பது மாறாது. ஐகான் ஃபைலுக்குள் ஒரே படம் 16, 32, 48, 256 புள்ளி என்று பல அளவில் அடுக்கப்பட்டிருக்கும். டெஸ்க்டாப்பில் தெரிவது ஒன்று, டாஸ்க்பாரில் தெரிவது இன்னொன்று. இலவசமாகக் கிடைக்கும் ‘கிம்ப்’பில் படத்தைத் திறந்து ஐசிஓ-வாக எக்ஸ்போர்ட் செய்தால் முறையாக வரும்.

எல்லாப் படமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும் வெள்ளையாகவே தெரிந்தால், விண்டோஸ் தன் ஐகான் கேஷைப் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தோண்டாமல் இருக்க, பார்த்த ஐகான்களை அது ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ் விசையோடு ஆரை அழுத்தி, ஆங்கிலத்தில் ஐ, ஈ, எண் 4, யு, ஐ, என், ஐ, டி என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, ஒட்டினாற்போல் ‘ஷோ’ என்று அடியுங்கள். திரை ஒரு கணம் துடிக்கலாம், பிறகு சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் ரீஸ்டார்ட்.

ரீசைக்கிள் பின் சங்கதி தனி. அது ஷார்ட்கட் அல்ல. ‘செட்டிங்ஸ்’, ‘பர்சனலைசேஷன்’, ‘தீம்ஸ்’ போய் ‘டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்’ திறந்து பாருங்கள். கீழே ‘டெஸ்க்டாப் ஐகான்களை மாற்ற தீம்களை அனுமதி’ என்று பொருள்படும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஐகானை மாற்றினால், அடுத்த தீம் போடும்போது உங்கள் படம் நிலைக்கும். ரீசைக்கிள் பின்னுக்கு ‘நிறைந்தது’, ‘காலி’ என்று இரண்டு ஐகான் உண்டு. இரண்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: மகளே, நாகர்கோவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கம்ப்யூட்டரை அழகாக்கும் புரோகிராம் என்று பேரன் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். இப்போது எந்த ஐகானைத் தொட்டாலும் நோட்பேட் திறந்து, புரியாத கட்டம் கட்டமான எழுத்து வருகிறது. ஐகான் எல்லாமே நோட்பேட் படமாகவே மாறிவிட்டது.

பதில்: வணக்கம் ஐயா. வைரஸோ என்று பதற வேண்டாம். ஷார்ட்கட் ரகத்து ஃபைல்களை எல்லாம் நோட்பேடில் திற என்று அந்தப் புரோகிராம் விண்டோஸுக்குச் சொல்லிவிட்டது. நீங்கள் பார்த்த புரியாத எழுத்துதான் அந்த ஷார்ட்கட்டின் உள்ளடக்கம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நடுவில் ஃபோல்டர் பெயர்கள் கூடத் தென்படும்.

ஸ்டார்ட் மெனுவில் இருப்பவையும் பெரும்பாலும் ஷார்ட்கட்கள்தான் என்பதால் அவையும் நோட்பேடையே திறக்கும். ஆகவே விண்டோஸ் விசையோடு ஆரை அழுத்தி, மேலே சொன்ன ‘ரெஜ்எடிட்’டையே திறங்கள். ‘கரன்ட் யூசர்’, ‘சாஃப்ட்வேர்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘கரன்ட்வெர்ஷன்’, ‘எக்ஸ்ப்ளோரர்’, ‘ஃபைல்எக்ஸ்ட்ஸ்’ என்று படிப்படியாக இறங்கினால், புள்ளி வைத்த ‘எல்என்கே’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் ‘யூசர்சாய்ஸ்’ என்ற துணைக் கிளை இருந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு, சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இந்த வேலையைப் பேரன் போனில் கூட இருக்கும்போது செய்தால் நல்லது. சரியானதும் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’ வழியாக அந்த அழகுப் புரோகிராமை நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், சிவகாசியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் வேலைக்காக விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்றை விடாமல் வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் பெயர்கள் தமிழில் தெரியட்டும் என்று ஐகான் எழுத்துருவைப் ‘பாமினி’க்கு மாற்றினேன். எல்லாப் பெயரும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டது. கஸ்டமர் ஃபைல் எது, எந்த ஷார்ட்கட் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பதில்: அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் கடிதம் என்றால் நான் முதலில் பிரித்துப் படிப்பேன். தமிழ் கம்ப்யூட்டருக்கு வந்ததில் டிடிபி கடைகளின் பங்கு பெரிது.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம் யூனிகோடு. பாமினி யூனிகோடு எழுத்துரு அல்ல. அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறது. ஆங்கில எம் இருக்கும் இடத்தில் ‘அ’, கே இருக்கும் இடத்தில் ‘ம’, எச் இருக்கும் இடத்தில் துணைக்கால், அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்ப்புள்ளி. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நீங்கள் தட்டினால் ‘அம்மா’ என்று தெரிவது இதனால்தான், உங்கள் விரல்களுக்கு இது மனப்பாடம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் அது இன்னமும் எம், கே-தான். ஆகவே ‘கம்ப்யூட்டர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் ஐகான் பெயரைப் பாமினியில் காட்டினால் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஏதோ ஒரு தமிழ்த் துண்டு வந்து விழுகிறது. பெயர்கள் எதுவும் மாறவில்லை, கெடவில்லை. ஷார்ட்கட்களும் அப்படியே இருக்கின்றன.

நீங்கள் ஐகானின் எழுத்துருவை மட்டும் மாற்றியிருப்பதால் மெனுக்கள் ஆங்கிலத்திலேயே தெரியும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், ‘பர்சனலைஸ்’, கீழே ‘விண்டோ கலர்’, ‘அட்வான்ஸ்டு அப்பியரன்ஸ் செட்டிங்ஸ்’. அங்கே ‘ஐட்டம்’ பெட்டியில் ‘ஐகான்’ என்பதைத் தேர்ந்து, எழுத்துருவை ‘செகோ யூஐ’ என்றும் அளவை 9 என்றும் வைத்து ‘அப்ளை’ கொடுங்கள். ஃபோல்டருக்குள் தெரியும் ஃபைல் பெயர்களும் இந்த ஒரே அமைப்பைப் பார்த்துத்தான் ஓடுகின்றன, அவையும் சேர்ந்து திரும்பிவிடும். விண்டோஸ் 10, 11-இல் இந்தப் பெட்டியே கிடையாது. அங்கே சிலர் ரெஜிஸ்ட்ரியில் செகோ எழுத்துருவையே காலி செய்து வேறொன்றைப் புகுத்துகிறார்கள். தொழில் நடக்கும் கம்ப்யூட்டரில் அந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

தமிழில் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. அதற்கு எழுத்துருவை மாற்றத் தேவையே இல்லை. ஷார்ட்கட்டைத் தேர்ந்து எஃப்2 அழுத்தி, யூனிகோடு தமிழில் ‘திருமண அழைப்பிதழ்’, ‘காலண்டர் 2026’ என்று நேரடியாக அடியுங்கள். ஷார்ட்கட்டின் பெயரை மாற்றினால் அது சுட்டும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் 2000-இலிருந்தே தமிழ் யூனிகோடுக்கு ‘லதா’ எழுத்துரு உண்டு, விண்டோஸ் 8-இலிருந்து ‘நிர்மலா யூஐ’யும் கூடவே வருகிறது. தமிழ்நாடு அரசும் 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் பக்கத்துக்குள் பாமினி இருக்கட்டும், டெஸ்க்டாப்புக்கு யூனிகோடு போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பேஜ்மேக்கரில் திறக்கப் போகும் அசல் ஃபைலின் பெயரை ஆங்கிலத்திலேயே விடுங்கள், தமிழ்ப் பெயர் ஷார்ட்கட்டோடு நிற்கட்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரை நெட் இணைப்பு இல்லாமலே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை நான். வீட்டு லேப்டாப்பில் வைத்த தீம் பள்ளிக் கம்ப்யூட்டரிலும் வரட்டும் என்று இரண்டிலும் ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தேன். வால்பேப்பர் வந்தது. கூடவே வீட்டு ஷார்ட்கட் எல்லாம் பள்ளிக்கு வந்துவிட்டது, சிலவற்றின் பெயரோடு ‘காப்பி’ என்றும் ஒட்டியிருக்கிறது. பாதி திறப்பதில்லை. பயந்து ஒன்டிரைவை நிறுத்தினேன். டெஸ்க்டாப்பே காலியாகிவிட்டது.

பதில்: எதுவும் அழியவில்லை டீச்சர். தீமை ஒத்திசைப்பது ஒரு வேலை, ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பை பேக்கப் எடுப்பது வேறொரு வேலை. கணக்கில் நுழையும்போது கேட்கும் கேள்விகளுக்கு ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று போனால் இரண்டாவதும் சேர்ந்து ஆரம்பமாகிவிடும். அப்போது உங்கள் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடுகிறது. இரண்டு கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன. வீட்டு லேப்டாப்பில் மட்டும் இருக்கும் புரோகிராமின் ஷார்ட்கட் பள்ளியில் எப்படித் திறக்கும்? முகவரி வந்திருக்கிறது, அந்த முகவரியில் அங்கே ஆள் இல்லை.

ஒன்டிரைவை நிறுத்தியதும் விண்டோஸ் பழைய டெஸ்க்டாப் ஃபோல்டரைக் காட்டுகிறது, அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரைத் திறந்து, ‘ஒன்டிரைவ்’, அதற்குள் ‘டெஸ்க்டாப்’ பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும். அங்கே இல்லையென்றால் பிரவுசரில் உங்கள் ஒன்டிரைவ் கணக்கைத் திறந்து பாருங்கள். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்ற அசல் ஃபைல்களை முதலில் காப்பி செய்து எடுத்துவிடுங்கள். ஷார்ட்கட்களைக் கொண்டுவர வேண்டாம், அந்தந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக உருவாக்குவதே சுத்தம். வீட்டு ஃபைல்கள் பள்ளியின் பொதுக் கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன், பள்ளியில் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

சில ஷார்ட்கட்டை அழிக்கப் போனால் நிர்வாகி அனுமதி கேட்கும். அவை ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘பப்ளிக்’ என்பதன் டெஸ்க்டாப்பில் இருப்பவை, எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் கிளாஸுக்காக புரொஜெக்டர் மாட்டும்போதெல்லாம், நான் அழகாக அடுக்கி வைத்த ஐகான்கள் இடது ஓரத்துக்கு ஓடிவிடுகின்றன. – பெரம்பலூர் ஆசிரியர்

பதில்: ‘டூப்ளிகேட்’ முறையில் இணைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது இரண்டு திரைக்கும் பொதுவான ரெசல்யூஷனுக்கு விண்டோஸ் இறங்கிவரும். இடம் குறைவதால் ஐகான்கள் நெருக்கிக்கொண்டு நகர்கின்றன. விண்டோஸ் விசையோடு பியை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்துப் பாருங்கள், லேப்டாப் திரை அப்படியே இருக்கும். மாணவர்களுக்கு உங்கள் டெஸ்க்டாப் தெரியாது என்பது இன்னொரு வசதி. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘வியூ’வில் ‘ஆட்டோ அரேஞ்ச்’ டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நெட்டில் இருந்து ஒரு தீம் இறக்கிப் போட்டேன். அதன்பிறகு எந்தப் பென் டிரைவைச் சொருகினாலும் உள்ளே இருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. தீமை எடுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இது அலங்காரப் பிரச்சினை இல்லை. இந்தக் கடிதங்களிலேயே அவசரமானது உங்களுடையதுதான். தயவுசெய்து இன்று யாருடைய பென் டிரைவையும் அந்தக் கம்ப்யூட்டரில் சொருகாதீர்கள். உங்களிடம் ஆதார் நகல் எடுக்க வருகிறவர் இதைத் தன் வீட்டுக்கும், அங்கிருந்து அலுவலகத்துக்கும் கொண்டு போவார்.

விண்டோஸின் முறையான தீம் ‘தீம்பேக்’ என்ற முடிவோடு வரும், அதில் வால்பேப்பர், நிறம், ஒலி போன்றவைதான் இருக்கும். தீம் என்று சொல்லி ‘இஎக்ஸ்இ’ ஒன்று இறங்கினால் அது புரோகிராம். அதோடு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் விஷயத்தில் அதுதான் காரணமா, ஏதோ ஒரு பென் டிரைவ் காரணமா என்பது இரண்டாம் பட்சம்.

பென் டிரைவில் ஃபோல்டர் போலத் தெரியும் அந்த ஷார்ட்கட்டைத் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘டார்கெட்’ என்ற வரியில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சிஎம்டி’ என்றோ ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ என்றோ ஆரம்பித்து நீளமாக ஏதோ ஓடும். நீங்கள் டபுள் கிளிக் செய்யும்போது முதலில் வைரஸை ஓடவிட்டு, பிறகு உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டும். சந்தேகமே வராமல் பரவுவது அப்படித்தான். அசல் ஃபோல்டர்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யை அப்டேட் செய்து ‘ஃபுல் ஸ்கேன்’, அது முடிந்ததும் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. இரவு முழுக்க ஓடட்டும். சுத்தம் என்று உறுதியானபின் பென் டிரைவைச் சொருகி, ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’, ‘வியூ’ போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதை வைத்து, சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற டிக்கை எடுங்கள். மங்கலான நிறத்தில் அசல் ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் அடைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குள் போய் வாடிக்கையாளரின் பிடிஎஃப், வேர்டு, படங்களை மட்டும் காப்பி செய்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஆம், ஃபார்மட் தேவைப்படுவது இங்கேதான். சமீபத்தில் பென் டிரைவ் கொடுத்துப் போன வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்று தயங்காதீர்கள், சொல்லாமல் விடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

கேள்வி: கன்ட்ரோல், ஆல்ட்டோடு சி அழுத்தினால் கால்குலேட்டர் திறக்கும்படி வைத்திருந்தேன். டெஸ்க்டாப் சுத்தமாக இருக்கட்டும் என்று ஷார்ட்கட்களை டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றினேன். இப்போது விசை வேலை செய்யவில்லை. – விருதுநகர் வாசகர்

பதில்: டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்கும் ஷார்ட்கட்டுக்குத்தான் அந்த விசை வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் வேண்டாம் என்றால் விண்டோஸ் விசையோடு ஆரை அழுத்தி, ஆங்கிலத்தில் ‘ஷெல்’, முக்காற்புள்ளி, ‘புரோகிராம்ஸ்’ என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் கால்குலேட்டர் ஷார்ட்கட்டைப் போட்டுவிட்டு, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்தில் அதே விசைகளை இன்னொரு முறை அழுத்தி ‘ஓகே’ கொடுங்கள்.